எண்ணும் எழுத்தும்: மொழியாய்வில் ஒரு மாறி, இரு மாறிப் புள்ளியியலின் வரலாறு

1. முன்னுரை

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் வினை கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். மொழியாய்வில் புள்ளியியல் இடம்பெற்ற வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டு விலகிய இடங்களிலேயே பெரும்பிழைகள் நேர்ந்துள்ளமை புலப்படும். கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறியதற்கு, எதனை எண்ணுகிறோம் என்பது முன்னரே எண்ணிப் பார்க்கப்படாமையே காரணமாக அமைந்தது.

ஒரு பனுவலின் சொல் நீளம், தொடர் நீளம், எழுத்தின் நிகழ்வெண் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் அளந்து விவரிப்பது ஒரு மாறிப் பகுப்பாய்வு ஆகும். இரண்டு அளவுகளை இணைத்து, ஒன்று மாறும்போது மற்றது எவ்வாறு மாறுகிறது எனக் காண்பது இரு மாறிப் பகுப்பாய்வு ஆகும். இவ்விரண்டும் புள்ளியியலின் தொடக்கநிலைப் படிகள். ஆயினும் ஆசிரியர் யார் என்னும் வழக்கு, ஒரு குறியீட்டுத் தொகுதி எழுத்துமுறைதானா என்னும் வழக்கு, சமூகப் படிநிலை பேச்சில் வெளிப்படுமா என்னும் வினா ஆகியவை இப்படிகளின் மேலேயே நிகழ்ந்துள்ளன. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களையும், அவை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. ஒரு மாறி: நடுவும் பரவலும்

ஒரு மாறியைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. அளவுகள் எவ்விடத்தை மையமாகக் கொண்டு குவிகின்றன என்பது ஒன்று. அம்மையத்திலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குக் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியனவும், இரண்டாவதற்கு வீச்சு, திட்ட விலக்கம் ஆகியனவும் விடை தருகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு பத்தியில் ஏழு தொடர்கள் உள்ளன எனவும், அவற்றின் சொல்லெண்ணிக்கை முறையே 5, 6, 6, 7, 8, 9, 43 எனவும் கொள்வோம். கூடுதல் 84, கூட்டுச் சராசரி 12. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 7. மிகுதியாக வரும் முகடு 6. ஏழு தொடர்களுள் ஆறு, சராசரியைவிடக் குறைந்த நீளமுடையன. ‘இவ்வாசிரியர் பன்னிரண்டு சொல் தொடர்களை எழுதுகிறார்’ என்று கூறினால் அவ்வாறான தொடர் ஒன்றேனும் பத்தியில் இல்லை. திட்ட விலக்கம் ஏறத்தாழ 12.7, அதாவது சராசரியைவிடவும் மிகுதி. ஒரே ஒரு நெடுந்தொடர் இவ்வளவையும் செய்துவிடுகிறது. அதனை மொழிபெயர்ப்பாளர் நான்காகப் பிரித்துவிட்டால் சராசரி பெரிதும் குறையும். இடைநிலை அளவோ சிறிதே அசையும். எனவே மூலத்தின் நடையும் பெயர்ப்பின் நடையும் ஒப்பிடப்படும்போது சராசரியை மட்டும் தருவது போதாது.

சராசரிக்கு அறிவுலகில் பெருமதிப்பு ஏற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகும். பெல்ஜிய வானியலாளரான கெட்லே 1835இல் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை முன்வைத்தார். வானியலில் பிழைகளை நீக்கி உண்மை அளவைக் காணப் பயன்பட்ட சராசரி, மனிதரிடையே வேறுபாடுகளை நீக்கி ஓர் இலட்சிய உருவைக் காணப் பயன்படுத்தப்பட்டது. வேறுபாடு என்பது பிழை அன்று, அதுவே ஆய்வுப் பொருள் என்னும் தெளிவு பின்னரே ஏற்பட்டது. மொழியாய்விலும் இவ்வரிசைமுறையே காணப்படுகிறது.

3. சொல் நீளமும் ஆசிரியர் அடையாளமும்

ஆங்கிலக் கணிதவியலாளர் டி மார்கன் 1851இல் எழுதிய ஒரு கடிதத்தில், புனித பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்களுள் எவை அவருடையவை என்பதை, சொற்களின் சராசரி எழுத்தெண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யலாகும் எனக் குறிப்பிட்டார். இக்கருத்து அமெரிக்க இயற்பியலாளர் மெண்டன்ஹாலின் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் மெண்டன்ஹால் சராசரியோடு நிற்கவில்லை. ஒரெழுத்துச் சொல் எத்தனை, ஈரெழுத்துச் சொல் எத்தனை என வரிசையாக எண்ணி, அவற்றை வளைகோடாக வரைந்தார். 1887இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, டிக்கன்ஸ், தாக்கரே, ஜான் ஸ்டுவர்ட் மில் ஆகியோரின் எழுத்துகளை இம்முறையில் ஒப்பிட்டது. சராசரி ஒன்றாக இருந்தும் பரவல் வேறாக இருத்தல் கூடும் என்பதை உணர்ந்து, ஒற்றை எண்ணிலிருந்து முழுப் பரவலுக்கு நகர்ந்தமை அவருடைய சிறப்பு ஆகும்.

1901இல் அவர் ஷேக்ஸ்பியர் – பேக்கன் வழக்கை எடுத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரின் பெயரால் வழங்கும் நாடகங்களை பேக்கனே எழுதினார் என்னும் கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. ஷேக்ஸ்பியரின் நூல்களிலிருந்து ஏறத்தாழ நான்கு இலட்சம் சொற்களும், பேக்கனின் நூல்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் சொற்களும் எண்ணப்பட்டன. எண்ணும் பணியை இரு பெண்கள் ஒரு எண்ணும் பொறியின் துணையோடு செய்து முடித்தனர். ஷேக்ஸ்பியரின் வளைகோட்டில் நான்கெழுத்துச் சொல்லும், பேக்கனின் வளைகோட்டில் மூன்றெழுத்துச் சொல்லும் உச்சத்தில் நின்றன. இருவரும் வேறு என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது.

கணக்கில் குறை இல்லை. ஒப்பீட்டில் குறை இருந்தது. ஷேக்ஸ்பியரின் எழுத்து பெரும்பாலும் செய்யுள். பேக்கனின் எழுத்து உரைநடை. 1975இல் வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர், பிலிப் சிட்னி என்னும் ஒரே ஆசிரியரின் செய்யுளையும் உரைநடையையும் இம்முறையில் ஒப்பிட்டு, அவ்விரண்டிற்கும் இடையிலும் அதே வகையான வேறுபாடு இருப்பதைக் காட்டினார். மெண்டன்ஹால் அளந்தது ஆசிரிய வேறுபாடா, வடிவ வேறுபாடா என்பதை அவருடைய வளைகோடு சொல்ல இயலாது. முடிவு உண்மையாகவே இருப்பினும் அம்முடிவிற்கு அச்சான்று வழிவகுக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழாய்விற்கு இது நேரடியான எச்சரிக்கை ஆகும். ஔவையார் என்னும் பெயரால் சங்கப் பாடல்களும் வழங்குகின்றன, ஆத்திசூடியும் வழங்குகிறது. அகவலின் சொல் நீளத்தை ஓரடி நூற்பாவின் சொல் நீளத்தோடு ஒப்பிட்டு, ஆசிரியர் வேறு என நிறுவ முற்படுவது, யாப்பின் வேறுபாட்டை ஆசிரியரின் வேறுபாடாகக் காட்டுவதாகவே முடியும். ஆசிரியர் பலர் என்பதற்கு மொழி, பொருள், காலச் சான்றுகள் வேறு உள்ளன. ஆயினும் அச்சான்றுகளின் வலிமையை எண்ணிக்கைக்குக் கடனாகத் தருதல் கூடாது.

4. எண்ணப்படும் அலகு

சொல்லின் நீளம் என்பதும் தானே விளங்குவதன்று. ‘படித்தான்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், தமிழ் எழுத்தெண்ணிக்கையில் அது 5. ஒலியன்களாகப் பிரித்தால் 8. அசைகளை மொழியியலார் எண்ணும் முறையில் 3. யாப்பிலக்கண முறையில் நிரையும் நேருமாக 2. மாத்திரைக் கணக்கில் 5. இவற்றுள் எதுவும் தவறன்று. ஆனால் ஓர் ஆய்வு எழுத்தாலும் மற்றோர் ஆய்வு ஒலியனாலும் அளந்திருப்பின், அவற்றின் சராசரிகளை அருகருகே வைத்தல் பொருளற்றது.

சொல் எது என்பதும் அவ்வாறே. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பது அச்சில் ஒன்றாகவும் வருகிறது, பிரிந்தும் வருகிறது. புணர்ச்சியோடு அச்சிட்ட பதிப்பிலிருந்தும், சீர் பிரிக்காது பதம் பிரித்து அச்சிட்ட பதிப்பிலிருந்தும் ஒரே நூலுக்கு இருவேறு சொல்லெண்ணிக்கைகள் கிடைக்கும். இந்நிலையில் பதிப்பாசிரியரின் கொள்கையே நூலாசிரியரின் நடையாகத் தோற்றம் தரும். புள்ளியியல் தொடங்குமுன் இலக்கணம் தன் பணியை முடித்திருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

தொடர் நீளத்தை முறையாக ஆராய்ந்தவர் பிரித்தானியப் புள்ளியியலாளர் யூல் ஆவார். 1939இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ‘கிறிஸ்துவைப் பின்பற்றல்’ என்னும் இலத்தீன் நூலின் ஆசிரியர் தாமஸ் கெம்பிஸா, ஜெர்சனா என்னும் வழக்கைத் தொடர் நீளத்தால் ஆராய்ந்தது. 1944இல் வெளிவந்த அவருடைய நூல், பெயர்ச்சொற்களின் நிகழ்வெண்ணை ஆராய்ந்து, சொல்வளத்தை அளக்க ஓர் அளவையை வகுத்தது. பனுவலின் நீளம் கூடும்போது புதிய சொற்கள் வரும் வேகம் குறையும் என்பதால், வெவ்வேறு நீளமுடைய நூல்களின் சொல்வளத்தை நேராக ஒப்பிடலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தொடர் நீளம் எல்லா வழக்குகளுக்கும் விடை தருவதில்லை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88இல் எழுதப்பட்ட 85 கட்டுரைகளுள் 12, ஹாமில்டனுடையனவா, மேடிசனுடையனவா என்பது நெடுங்காலம் வழக்காக இருந்தது. 1941இல் மோஸ்டெல்லரும் உடனாய்வாளர் ஒருவரும் தொடர் நீளத்தை எண்ணியபோது, ஹாமில்டனின் சராசரி 34.55 சொற்கள், மேடிசனின் சராசரி 34.59 சொற்கள். இருவருடைய திட்ட விலக்கங்களும் நெருங்கியே இருந்தன. அம்மாறி வழக்கிற்குப் பயன்படவில்லை. பின்னர் மோஸ்டெல்லரும் வாலஸும் இடைச்சொல் போன்ற சிறுசொற்களை நோக்கினர். ‘அப்பான்’ என்னும் முன்னிடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை ஆள, மேடிசன் ஏறத்தாழ 0.2 முறையே ஆண்டிருந்தார். இவ்வாறான பல சொற்களின் சான்றைத் தொகுத்து 1964இல் அவர்கள் வெளியிட்ட நூல், பன்னிரண்டையும் மேடிசனுக்கே உரியனவாக்கியது. இங்கு இருவரும் ஒரே காலத்தில், ஒரே பொருள் பற்றி, ஒரே வடிவில் எழுதியவர்கள் என்பது நோக்கத்தக்கது. மெண்டன்ஹாலின் ஒப்பீட்டில் இல்லாத கட்டுப்பாடு இதில் இருந்தது.

5. இரு மாறிகள்: ஒட்டுறவின் பிறப்பு

இரு அளவுகளின் இணைவை எண்ணால் அளக்கும் வழி, மொழியாய்வில் அன்றி மரபியலாய்வில் பிறந்தது. பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒரு பட்டியலில் அமைத்தார். மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயர்ந்தவராயினும் பெற்றோரளவிற்கு உயர்ந்தவர் அல்லர். மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வாறே நடுவை நோக்கி நகர்ந்தனர். பெற்றோர் நடுவிலிருந்து விலகிய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே பிள்ளைகளிடம் காணப்பட்டது. 1886இல் வெளியான கட்டுரையில் இதனை அவர் நடுமைக்குத் திரும்புதல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1888இல் ஒட்டுறவு என்னும் கருத்தை வரையறுத்தார். கார்ல் பியர்சன் 1896இல் அதன் கணித வடிவை நிலைநிறுத்தினார். ஒட்டுறவுக் கெழு –1 முதல் +1 வரை அமையும். இரு மாறிகளும் நேர்கோட்டில் எவ்வளவு நெருங்கி இணைந்து செல்கின்றன என்பதை அது காட்டும்.

கெழு காட்டாதன இரண்டு உள்ளன. ஒன்று, காரணம். மற்றொன்று, கோட்டின் சாய்வு. ஒரு மாறி சிறிதளவே மாறினும், மற்றதோடு தவறாது இணைந்து மாறுமாயின் கெழு உயர்ந்தே நிற்கும்.

மொழிபெயர்ப்பாய்வில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. கேல், சர்ச் ஆகிய இருவரும் 1991இல், இருமொழிப் பனுவல்களில் தொடரோடு தொடரை இணைக்கும் கணிப்பொறி முறை ஒன்றை வகுத்தனர். சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றின் பொருளாதார அறிக்கைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் வெளிவந்தன. அவற்றின் ஆங்கிலப் பத்தி நீளத்திற்கும் ஜெர்மன் பத்தி நீளத்திற்கும் இடையிலான ஒட்டுறவு 0.991. நீண்டது நீண்டதாகவும், குறுகியது குறுகியதாகவும் பெயர்க்கப்படும் என்னும் இவ்வொரு செய்தியைக் கொண்டே, சொற்பொருள் எதனையும் அறியாத அம்முறை, தொடர்களைப் பெரும்பாலும் சரியாக இணைத்தது. பிழை ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு.

இவ்வெண்ணிலிருந்து மொழிபெயர்ப்பின் தரத்தைப் பெற இயலாது. ஒவ்வொரு தொடரிலும் பொருளைத் தவறவிட்டு, நீளத்தை மட்டும் காத்த பெயர்ப்பிற்கும் உயர்ந்த ஒட்டுறவு கிடைக்கும். எல்லாத் தொடர்களையும் சீராகப் பாதியாகச் சுருக்கிய பெயர்ப்பிற்கும் கெழு ஒன்றை நெருங்கும். ஏனெனில் சாய்வு குறைந்தாலும் இணைவு குறையவில்லை. அளவு எதற்காக வகுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே அது சான்றாகும்.

6. எழுத்தும் அதன் முன்னெழுத்தும்

1913இல் உருசியக் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்னும் செய்யுள் நவீனத்தின் முதல் 20,000 எழுத்துகளை, ஒலிப்பற்ற இரு குறிகளை நீக்கி, உயிர், மெய் என இரண்டாகப் பகுத்து எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. எனவே ஓர் எழுத்து உயிராக இருக்கும் வாய்ப்பு 0.432. எழுத்துகள் ஒன்றையொன்று சாராதன எனில், உயிரைத் தொடர்ந்து உயிர் வரும் இடங்கள் ஏறத்தாழ 3,730 இருத்தல் வேண்டும். எண்ணியபோது கிடைத்தவை 1,104. உயிருக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.128 எனவும், மெய்க்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.663 எனவும் அமைந்தன.

இங்கு முதல் மாறி ஓர் எழுத்தின் வகை. இரண்டாம் மாறி அதன் முன்னெழுத்தின் வகை. இரண்டையும் ஒரு நான்கறைக் கட்டத்தில் இட்டால் சார்பு வெளிப்படும். எதிர்பார்த்த எண்ணையும் கண்ட எண்ணையும் ஒப்பிடுதலே இரு மாறிப் பகுப்பாய்வின் உயிர்நாடி என்பதை இவ்வெளிய எடுத்துக்காட்டு விளக்குகிறது.

தமிழ் இலக்கண மரபிற்கு இச்செய்தி புதிதன்று. உயிர்முன் உயிர் வருமிடத்து யகர வகர உடம்படுமெய் தோன்றும் என்பது இலக்கண விதி. விதி, ‘வாராது’ என உரைக்கிறது. மார்க்கோவின் முறை, ‘இத்துணை அருகி வருகிறது’ என அளக்கிறது. இக்காலத் தமிழ் உரைநடையில் ‘வந்த அவன்’ எனப் புணர்த்தாது எழுதும் வழக்கு மிகுந்திருப்பதால், சொல்லெல்லைகளைக் கடந்து எண்ணினால் உயிர்முன் உயிர் கிடைக்கும். புணர்த்து அச்சிட்ட செய்யுட் பதிப்பில் கிடைப்பது அரிது. இரண்டையும் ஒப்பிட்டு மொழி மாறிவிட்டது என்று கூறுமுன், மாறியது பேச்சா, எழுத்து வழக்கா, அச்சு மரபா என்பது வினவப்பட வேண்டும்.

இச்சார்பு முறையே ஷேனனின் 1948ஆம் ஆண்டுத் தகவல் கோட்பாட்டில் என்ட்ரோபி என்னும் அளவாக வளர்ந்தது. தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி 1963இல் கட்டுரை வெளியிட்டார். இந்திய மொழிகளின் அளவையாய்வில் அது முன்னோடியான பணிகளுள் ஒன்று ஆகும்.

இதே அளவு பின்னாளில் பெரும் விவாதமொன்றின் நடுவே நின்றது. சிந்துவெளிக் குறியீடுகள் மொழியைக் குறிக்கும் எழுத்துமுறை அல்ல என ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகிய மூவரும் 2004இல் வாதிட்டனர். 2009இல் ராஜேஷ் ராவும், ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட உடனாய்வாளரும், மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவைத் தரவாகக் கொண்டு, ஒரு குறியையும் அதன் அடுத்த குறியையும் இணைத்து நிபந்தனை என்ட்ரோபியைக் கணக்கிட்டனர். பழந்தமிழ் உள்ளிட்ட மொழிகளின் எல்லைக்குள் அவ்வளவு அமைகிறது என அவர்கள் காட்டினர். மொழியல்லாத குறியீட்டுத் தொகுதிகளும் அவ்வெல்லைக்குள் அமையக்கூடும் என ஸ்ப்ரோட் மறுத்தார். அடுத்தடுத்த குறிகளிடையே ஒழுங்கு உண்டு என்பதை எண்ணிக்கை நிறுவுகிறது. அவ்வொழுங்கு மொழிக்கே உரியது எனக் காட்டுவதற்கு, மொழியல்லாதவற்றுள் அது இல்லை என்பதும் காட்டப்பட வேண்டும். எந்த மொழி என்பதற்கோ இவ்வளவு விடையே தருவதில்லை.

7. தரவரிசையும் நிகழ்வெண்ணும்

சொல் நிகழ்வெண்ணைப் பேரளவில் தொகுக்கும் பணி, சுருக்கெழுத்தின் தேவையால் தொடங்கியது. கேடிங் 1897–98இல் வெளியிட்ட ஜெர்மன் நிகழ்வெண் அகராதி, ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்களைக் கணிப்பொறி இன்றி எண்ணியெடுத்தது. பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளர் எஸ்தூப், சொல்லின் தரவரிசைக்கும் நிகழ்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை 1916இலேயே கண்டிருந்தார். அதனைப் பரவலாக்கியவர் அமெரிக்க மொழியியலாளர் ஜிப்ஃப் ஆவார். அவருடைய முதன்மை நூல்கள் 1935இலும் 1949இலும் வெளிவந்தன.

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசீஸ்’ என்னும் நவீனத்தின் 2,60,430 சொற்களில் பத்தாம் தரத்துச் சொல் 2,653 முறையும், நூறாம் தரத்துச் சொல் 265 முறையும், ஆயிரமாம் தரத்துச் சொல் 26 முறையும் வருகின்றன. தரத்தையும் நிகழ்வெண்ணையும் பெருக்கினால் முறையே 26,530, 26,500, 26,000 கிடைக்கின்றன. பத்தாயிரமாம் தரத்தில் நிகழ்வெண் 2, பெருக்கம் 20,000. நடுவில் ஒழுங்கு வியக்கத்தக்கது. இறுதியில் அது தளர்கிறது.

ஜிப்ஃப் இதனைக் குறைந்த முயற்சி என்னும் மனித இயல்பின் விளைவாக விளக்கினார். ஆனால் 1957இல் மில்லர், எழுத்துகளையும் இடைவெளியையும் நோக்கமின்றித் தட்டினாலும் இவ்வகை வளைகோடு தோன்றும் எனக் காட்டினார். ஒரே வடிவம் வெவ்வேறு காரணங்களால் விளையலாம். எனவே வடிவத்தைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டதாகக் கொள்ளுதல் தவறு. தமிழில் இதனை ஆராய்வோர், ‘மரம், மரத்தை, மரத்தில்’ என்பவற்றை மூன்று சொற்களாகக் கொள்வதா, ஒரு சொல்லின் மூன்று வடிவங்களாகக் கொள்வதா என்பதை முன்னரே உரைத்தல் வேண்டும். ஒட்டுநிலை மொழியில் அம்முடிவு வளைகோட்டின் வால்பகுதியை முற்றிலும் மாற்றிவிடும்.

8. பேச்சும் சமூகமும்

அளவால் அமையாத, வகையால் அமையும் மாறிகளுக்குக் கூட்டுச் சராசரி பொருந்தாது. அவற்றைக் குறுக்குப் பட்டியலில் இட்டு, 1900இல் பியர்சன் வகுத்த கை வர்க்கச் சோதனையால் ஆராய்வது வழக்கம். லேபவ் 1962இல் நியூயார்க் நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் செய்த ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. விலையும் மதிப்பும் உயர்ந்த சாக்ஸ், நடுத்தரமான மேசிஸ், மலிவான கிளைன் ஆகியவற்றின் பணியாளரிடம், நான்காம் தளத்தில் கிடைக்கும் பொருளொன்றின் இடத்தை அவர் வினவினார். விடையாக வந்த ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்னும் தொடரில் உயிருக்குப் பின் ரகரம் ஒலிக்கப்படுகிறதா என்பதே ஆய்வுப் பொருள். பணியாளர் தாம் ஆய்வுக்கு உட்படுவதை அறியாமையால் இயல்பான பேச்சு கிடைத்தது.

சாக்ஸில் 68 பேருள் நூற்றுக்கு 62 பேரும், மேசிஸில் 125 பேருள் நூற்றுக்கு 51 பேரும், கிளைனில் 71 பேருள் நூற்றுக்கு 20 பேரும் ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தனர். விழுக்காடுகளை எண்ணாக்கினால் ஏறத்தாழ 42, 64, 14. மொத்தம் 264 பேருள் 120. கடைக்கும் ஒலிப்பிற்கும் தொடர்பில்லை எனில் இவ்விடங்களில் முறையே 31, 57, 32 பேர் எதிர்பார்க்கப்படுவர். ஒலிக்காதோரையும் சேர்த்து, எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு கணக்கிட்டால் கை வர்க்க மதிப்பு ஏறத்தாழ 28. நூற்றுக்கு ஐந்து நிலையில் பட்டியல் மதிப்பு 5.99 மட்டுமே. தற்செயலால் இவ்வேறுபாடு நேர்ந்தது எனக் கொள்ளுதற்கு இடமில்லை.

ஆயினும் வேறுபாட்டிற்குக் காரணம் கடையின் மதிப்புத்தானா, அல்லது பணியாளரின் வயது, இனம், பணிநிலை ஆகியவற்றின் கலப்பா என்னும் ஐயம் எழும். லேபவ் இவற்றையும் குறித்துவைத்து, ஒத்த பிரிவினரைத் தனியே எடுத்து மீண்டும் ஒப்பிட்டார். மூன்றாம் மாறியை நினைவில் கொண்டு இரண்டை ஆராய்ந்தமையே அவ்வாய்வின் வலிமை ஆகும்.

9. கலைச்சொல்லும் பொருட்பிறழ்ச்சியும்

இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்கள் தனியே எண்ணத்தக்கன. தமிழகப் பாடநூல்களில் ‘கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு’ என வழங்குவன, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘இடை, இடையம், ஆகாரம்’ என வழங்குகின்றன. இவற்றுள் ‘இடை’ என்பது கூட்டுச் சராசரியைக் குறிக்க, ஒலியால் அதனை நெருங்கிய ‘இடைநிலை’ தமிழகத்தில் வேறோர் அளவைக் குறிக்கிறது. மேற்காட்டிய ஏழு தொடர்களின் எடுத்துக்காட்டில் ஒன்று 12, மற்றது 7. இருவழக்கும் செப்பமானவையே, ஒரே நூலில் அவற்றைக் கலத்தலே கேடு. ‘நிகழ்வெண்’ அல்லது ‘அலைவெண்’ என்பதற்கு அங்கு ‘மீடிறன்’ எனவும், ‘திட்ட விலக்கம்’ என்பதற்கு ‘நியம விலகல்’ எனவும் வழங்குவதும் அறியத்தக்கது.

கால்ட்டன் இட்ட பெயரைப் ‘பின்னடைவு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அது தோல்வியைச் சுட்டுவதாகப் படிப்போர் கொள்வர். அவர் கண்ட உயரம் பற்றிய செய்திக்கு அப்பெயர் பொருந்தும். இன்று அம்முறை நடுமை நோக்கிய திரும்புதலோடு தொடர்பற்ற எண்ணற்ற இடங்களில் ஆளப்படுவதால், ‘தொடர்புப் போக்கு’ என்பது கருத்திற்கு நெருங்கியது. அவ்வாறே, சோதனையொன்றில் வேறுபாடு ‘குறிப்பிடத்தக்கது’ என்று கூறப்படின், தற்செயலால் விளைந்ததாகக் கொள்ளுதல் அரிது என்பதே பொருள். பெரியது, முதன்மையானது என்பன அதன் பொருள் அல்ல. தரவு மிகுந்தால் மிகச் சிறிய வேறுபாடும் இப்பெயரைப் பெற்றுவிடும்.

10. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, எண்ணப்படும் அலகு கணக்கிற்கு முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். தமிழில் எழுத்து, ஒலியன், அசை, பதம் ஆகியவற்றுள் எது அளவுகோல் என்பதை ஆய்வின் முகப்பிலேயே உரைத்தல் கடன். இரண்டாவது, ஒரு மாறியை விவரிக்கும்போது நடுவோடு பரவலையும் தருதல் வேண்டும். மூன்றாவது, இரு மாறிகளின் இணைவு கண்டபின், அவ்விணைவைத் தோற்றுவிக்கக்கூடிய மூன்றாவது ஒன்று உளதா என்பது தேடப்படல் வேண்டும்.

இன்று பல கோடிச் சொற்களை நொடிப்பொழுதில் கணிப்பொறி எண்ணித் தருகிறது. மெண்டன்ஹாலின் இரு எண்ணுநர் பெரும்பாடுபட்டுச் செய்த பணி இன்று உழைப்பே அன்று. ஆனால் செய்யுளையும் உரைநடையையும் ஒருங்கு வைத்து ஒப்பிடலாகாது என்பதைப் பொறி தானே உணர்த்துவதில்லை. அதனைக் கூற வேண்டியவர் யாப்பையும் நடையையும் பதிப்பு வரலாற்றையும் அறிந்த மொழியறிஞரே ஆவார். புள்ளியியலாரிடம் கணக்கை ஒப்படைத்து மொழியியலார் ஒதுங்கி நிற்பதும், எண்களைக் கண்டு அஞ்சி மொழிபெயர்ப்பாளர் விலகுவதும் இத்துறைக்கு நலம் பயவா. சராசரி, விலக்கம், ஒட்டுறவு, எதிர்பார்த்த எண் ஆகிய நான்கின் பொருளைத் தெளிவாக அறிந்தவர், தம்முன் வைக்கப்படும் எண்ணிக்கைச் சான்றுகளுள் எவை ஏற்கத்தக்கன, எவை மறுவினாவிற்கு உரியன என்பதைத் தாமே பகுத்தறிய வல்லவராவர்.